நற்கருணையின் பாப்பரசர் புனித பத்தாம் பத்திநாதர்

வெண்ணிற ஆடை அணிந்து சின்னஞ்சிறார்கள் புதுநன்மை வாங்கப் பீடத்தை நோக்கி வரும்போது மகிழாத பெற்றோர் யார்? இளம் வயதிலேயே இப்பேறு கிடைக்க வழி திறந்தவர் ஓர் ஏழை வீட்டில் பிறந்த பாப்பரசர்.

இத்தாலி நாட்டில் ரியேசே என்னும் சிற்றூரில் 1835 ஜூன் 2-ஆம் நாள் யோசேப் சார்த்தோ பிறந்தார். தந்தை ஊர் மன்றத்தில் சிற்றூழியர். தாய் தையல் வேலை செய்தவர். பிள்ளைகளோ பத்துப் பேர். சிறுவன் யோசேப் காஸ்தெல்பிராங்கோ பள்ளிக்குப் பல கிலோமீட்டர் நடந்தே சென்று படித்தான். 1858-ல் குருப்பட்டம் பெற்றவர், தொம்போலோவில் உதவிக் குருவாகவும் சல்சானோவில் பங்குக் குருவாகவும் 17 ஆண்டுகள் ஏழை மக்களோடு வாழ்ந்தார். பின்பு மாந்துவா ஆயராகி, வெனிஸ் நகரின் கர்தினாலாகி, 1903-ல் பாப்பரசராகி, பத்தாம் பத்திநாதர் என்னும் பெயர் பூண்டார்.

அக்காலத்தில் விசுவாசிகள் பலர் நற்கருணையை அடிக்கடி உட்கொள்ள அஞ்சினர். தாங்கள் தகுதியற்றவர்கள் என்ற எண்ணமே காரணம். 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜான்சேனியம் என்ற கடுங்கொள்கை இந்த அச்சத்தை வளர்த்திருந்தது. நோய் தீர்ந்த பிறகு மருந்து உண்பார் உண்டோ? நற்கருணை புண்ணியவான்களுக்குரிய பரிசு அன்று, பலவீனருக்குரிய உணவு என்று கண்டார் நம் புனிதர். சாவான பாவமின்றி, நல்ல கருத்தோடு வருவோர் நாள்தோறும் நன்மை வாங்கலாம் என 1905 டிசம்பர் 20-ஆம் நாள் வெளியான கட்டளை அறிவித்தது.

குழந்தைகளின் நிலை இன்னும் பரிதாபம். பல இடங்களில் 10, 12, ஏன் 14 வயதுவரை கூடக் காத்திருக்க வேண்டும். புதுநன்மை வாங்காத பிள்ளை சாகும் தறுவாயில் இருந்தாலும் வழியுணவாகிய நற்கருணை மறுக்கப்பட்டதுண்டு. 1910 ஆகஸ்ட் 8-ஆம் நாள் வந்த கட்டளை இவ்வழக்கத்தைக் கண்டித்தது. புத்தி விவரம் தெரியும் வயது, அதாவது ஏறக்குறைய 7 வயது, போதும். விசுவாசத்தின் முக்கிய மறைபொருள்களைத் தன்னால் இயன்ற அளவு அறிந்து, வீட்டு அப்பத்திற்கும் பீடத்து அப்பத்திற்கும் வேற்றுமை தெரிந்த குழந்தையைத் தடுக்கலாகாது. இதை ஏற்கத் தயங்கியவர்கள் இருந்தனர், அவரோ அசையவில்லை. 1912-ல் பிரான்சு நாட்டுச் சிறார்கள் நன்றி சொல்ல உரோமைக்கே வந்தனர்.

முதல் உலகப் போர் மூண்ட சில வாரங்களில், 1914 ஆகஸ்ட் 20-ஆம் நாள், ஏழையாகவே அவர் கண்மூடினார். 1954-ல் புனிதர் பட்டம் பெற்றார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! ஜூபிலி விழாக் கொண்டாடும் நாம், ஞாயிறுதோறும் கோவிலுக்கு வந்தும் நன்மை வாங்காமல் திரும்புவது ஏன் என்று எண்ணிப் பார்ப்போம். பாவம் தடுத்தால் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது. பந்தி விரித்தவர் காத்திருக்க, பசியோடு வீடு திரும்பலாமா?