கால் முறிந்தும் கம்பை விடாத எம்.ஜி.ஆர்!

பாடாலூர் பக்கம் சிலம்பம் கத்துக்கப் போற உங்க பிள்ளை, கம்பையே கண்ணுல காட்டாம காலடி வரிசை மட்டும் போட வைக்கிறாங்கன்னு அலுத்துக்கிறானா? அவனுக்கு எம்.ஜி.ஆர் கதையைச் சொல்லுங்க.

1917-ல் இலங்கையில் பிறந்தவர். சின்ன வயசுலேயே அப்பாவை இழந்து, கும்பகோணத்தில் வறுமையில் வளர்ந்தார். படிப்பை விட்டுட்டு நாடக கம்பெனியில் சேர்ந்தார். சிலம்பமும் வாள்வீச்சும் கற்றுத் தேர்ந்தார். சண்டைக் காட்சிகளே அவருக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தன.

1959-ல் சீர்காழியில் 'இன்பக்கனவு' நாடகம். கனத்த உடம்புக்காரரான குண்டுமணியைத் தூக்கும் காட்சியில் எம்.ஜி.ஆரின் கால் முறிந்தது. சிலம்பக்காரருக்கு இது சாதாரண அடி இல்லைங்க. கம்பை வீசுறதுதான் கை. எதிராளியோட தூரத்தை அளக்குறது, அடிக்கு விலகுறது, அடுத்த வீச்சுக்கு உடம்பைத் திருப்புறது எல்லாமே கால்தான்.

இனி சண்டை போடுவாரா என்ற சந்தேகத்துக்கு, குணமாகி வந்து திரையில் பதில் சொன்னார். 1963-ல் 'பெரிய இடத்துப் பெண்' படத்தில் கம்பெடுத்தார். 1971-ல் 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் ரிக்‌ஷா ஓட்டிக்கிட்டே சிலம்பம் சுற்றினார். அப்போ அவருக்கு வயசு 54. அந்தப் படம் அவருக்குத் தேசிய விருதையும் வாங்கித் தந்தது.

1987-ல் அவர் மறைந்தார். அந்த ரிக்‌ஷா சண்டையை இன்னிக்கு உங்க பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்க. கம்பை அப்புறம் பார்க்கட்டும். முதல்ல பெடல் மிதிக்கிற அந்தக் காலைப் பார்க்கச் சொல்லுங்க!