கல்கியும் அவர் விட்டுச்சென்ற கதையும்

கோயம்புத்தூரிலிருந்து ஈரோடு நோக்கிச் செல்லும் வழியில், பெருந்துறைக்கு முன்னதாக, விசயமங்கலம் என்னும் பழம்பதி ஒன்று உண்டு. உதயணன் வரலாற்றை விரித்துரைக்கும் பெருங்கதையை இயற்றிய கொங்குவேளிர் வாழ்ந்த ஊர் அதுவே என்று கொங்கு நாட்டார் வழிவழியாகப் போற்றி வருகின்றனர். அந்நூலை டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1924-ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஏட்டில் நூலின் முதலும் இல்லை; முடிவும் இல்லை. இன்றளவும் அந்நிலை மாறவில்லை. தலையும் அடியும் சிதைந்த அந்நூலைப் பயிலுந்தோறும் நம் உள்ளத்தில் ஒரு வினா எழுகின்றது. ஒருவர் தொடங்கிய கதையை மற்றொருவர் முடித்தல் தகுமா? தகுமெனின், அதனைச் செய்தற்கு உரிமையுடையார் யாவர்?

அவ்வழியே மேலும் சென்று, ஈரோட்டைக் கடந்து, காவிரியாற்றையும் தாண்டினால் திருச்செங்கோட்டை அடையலாம். அதன் அருகே புதுப்பாளையத்தில் 1925-ஆம் ஆண்டில் இராஜாஜி அவர்கள் நிறுவிய காந்தி ஆசிரமம் இருக்கின்றது. முன்னே கூறிய வினாவுக்கு விடை காண விரும்புவோர், ஒருகாலத்தில் அவ்வாசிரமத்தில் வாழ்ந்த ஓர் இளைஞரின் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் நலம். அவரே பிற்காலத்தில் கல்கி என்னும் பெயரால் தமிழுலகு முழுவதும் அறியப்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள்.

கிருஷ்ணமூர்த்தி 1899-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9-ஆம் நாள், பழைய தஞ்சை மாவட்டத்தில் மாயூரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர் அவ்வூர்க் கணக்கர். செல்வம் மிக்க குடும்பமன்று. இளமையிலேயே கதை கேட்பதிலும் கதை சொல்வதிலும் இவருக்கு வேட்கை மிகுதி. ஊர்ப்பள்ளியிலும் மாயூரத்திலும் கற்றபின் திருச்சிராப்பள்ளியில் உயர்நிலைக் கல்வி பயின்றார். இறுதித் தேர்வு அணித்தே வந்துகொண்டிருந்தது. அவ்வமயம் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிற்று. 1921-ஆம் ஆண்டில் அவர் பள்ளியை விட்டு வெளியேறினார். பட்டம் பெறுவதற்காகப் பயின்று வரும் நம்மைப் போன்ற மாணவர்க்கு அச்செயலின் அருமை எளிதில் விளங்கும். மறு ஆண்டே சிறை புகுந்தார். அவர் தம் வாழ்நாளில் மும்முறை சிறை கண்டவர்.

சிறையினின்று வெளிவந்த பின்னர்ச் சென்னைக்குச் சென்று, திரு. வி. கலியாணசுந்தரனார் ஆசிரியராக விளங்கிய நவசக்தி இதழில் துணையாசிரியர் ஆனார். அரசியலையும் அன்றாடச் செய்தியையும் இனிய தமிழில் எழுதக்கூடும் என்பதை அங்கே கண்டறிந்தார். சில ஆண்டுகள் அங்கே பணியாற்றிய பிறகு அவர் வந்து சேர்ந்த இடமே நம் கொங்கு நாட்டுக் காந்தி ஆசிரமம்.

அந்நாளில் ஆசிரமத்தைச் சூழ்ந்திருந்த சிற்றூர்களில் மழை பொய்த்தலும் வறுமையும் மிகுதி. நெசவாளரும் உழவரும் நாளெல்லாம் உழைத்து ஈட்டிய சிறு கூலியைக் கள்ளுக்கடை விழுங்கிக்கொண்டிருந்தது. அத்தீமையை ஒழிக்கும் பொருட்டு இராஜாஜி அவர்கள் 1929-இல் விமோசனம் என்னும் சிறு இதழைத் தொடங்கினார்கள். அதனை நடத்துவதில் அவர்களுக்கு வலக்கையாக நின்றவர் கிருஷ்ணமூர்த்தி. கல்வியறிவு மிகாத மக்களுக்காக எழுதப்பட்ட இதழ் அது. அதிற் கடுஞ்சொற்களுக்கு இடமில்லை. நீண்ட அறவுரைக்கும் இடமில்லை. படித்தவர் வாசிக்க, படியாதவர் சுற்றியிருந்து கேட்டுப் பொருளுணரும்படி கதையும் கட்டுரையும் அமைதல் வேண்டும். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான இல்லங்களில் ஒருவர் வாசிக்க மற்றையோர் கூடியிருந்து கேட்ட நடையை அவர் இங்கேதான் பழகினார் என்று கூறுதல் மிகையாகாது.

பின்னர் 1930-களின் தொடக்கத்தில், எஸ். எஸ். வாசன் அவர்கள் நடத்திய ஆனந்த விகடனில் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். நகைச்சுவை, இசை விமரிசனம், பயணக் கட்டுரை, தொடர்கதை ஆகிய துறைகள் அனைத்திலும் அவர் கைபட்டது. கள்வனின் காதலியும் தியாகபூமியும் அக்காலத்தில் எழுந்தவை. 1941-இல் மீண்டும் சிறை சென்று திரும்பியதும், நண்பர் சதாசிவம் அவர்களுடன் கூடித் தம் புனைபெயராலேயே கல்கி என்னும் வார இதழைத் தொடங்கினார். அவ்விதழுக்கு வேண்டிய பொருளுக்காக, சதாசிவம் அவர்களின் துணைவியார் எம். எஸ். சுப்புலக்ஷ்மி அவர்கள் சாவித்திரி என்னும் திரைப்படத்தில் நாரதர் வேடம் பூண்டு நடித்தார்கள்.

கல்கியின் சரித்திரக் கதைகள் பிறந்தது அவ்விதழிலேதான். முதலில் வந்தது பார்த்திபன் கனவு. அஃது உறையூர்ச் சோழரையும் நரசிம்ம பல்லவரையும் பற்றியது. அதனை முடித்த பின்பு அவர் முன்னோக்கிச் செல்லவில்லை; பின்னோக்கிச் சென்றார். நரசிம்மரின் இளமையையும், மகேந்திர பல்லவரின் கலைப்பணியையும், வாதாபிப் போரையும் பொருளாக்கிச் சிவகாமியின் சபதத்தை எழுதினார். ஒரு கதை முடிந்த இடத்திலும் அதன் முன்னும் பின்னும் வேறு கதைகள் மறைந்து கிடக்கின்றன என்பதை அவர் நன்கறிந்திருந்தார் என்பதற்கு இதுவே சான்று.

1950-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பொன்னியின் செல்வன் தொடங்கிற்று. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என ஐந்து பாகங்களாக, 1954 மே மாதம் வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வளர்ந்தது. செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் ஆராய்ந்தும், ஓவியர் மணியத்துடன் இலங்கை வரை சென்று இடங்களை நேரிற் கண்டும் எழுதப்பட்ட கதை அது. ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும் அருள்மொழிவர்மர் தமக்கு வந்த மணிமுடியைச் சிற்றப்பனார் உத்தம சோழருக்கு விட்டுக்கொடுத்ததும் அக்கதையின் உச்சம். அங்கே கல்கி தம் எழுதுகோலைக் கீழே வைத்தார்.

படித்தவர்களோ நிறைவடையவில்லை. வந்தியத்தேவனும் குந்தவையும் என்ன ஆயினர்? கரிகாலனைக் கொன்றவர் யார்? பழிவாங்கத் துடித்த நந்தினியின் முடிவு யாது? கதை திடீரென முடிந்துவிட்டதெனப் பலர் குறைகூறி எழுதினர். அவர்களுக்கு விடையாகக் கல்கி ஒரு முடிவுரை எழுதினார். கதைமாந்தர் சிலரின் பிற்கால நிலையைச் சுருக்கமாக அதிற் கூறினார். எஞ்சிய நிகழ்ச்சிகளைக் கொண்டு பிற ஆசிரியர்கள் புதிய நவீனங்களை இயற்றலாம் என்னும் தம் விருப்பத்தையும் அதிலே புலப்படுத்தினார். தம் வீட்டின் கதவைத் தாழிடாது திறந்து வைத்த பெருந்தகைமை இது அன்றோ!

அம்முடிவுரைக்குப் பின் அவர் நெடுநாள் வாழவில்லை. 1954-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதிற் சென்னையிற் காலமானார். அப்பொழுது அவர் எழுதிவந்த அமரதாரா என்னும் சமூகக் கதை பாதியில் நின்றது. வாரந்தோறும் ஒரு பகுதியை எதிர்பார்த்திருந்த மக்கள் ஆசிரியரையும் இழந்தனர். கதையையும் இழக்கும் நிலையில் இருந்தனர். அவ்வேளையில் அவருடைய மகளார் ஆனந்தி, தந்தையார் விட்டுச்சென்ற குறிப்புகளைத் துணையாகக் கொண்டு அக்கதையை எழுதி முடித்தார்.

எங்கள் பாட்டனாரின் அன்னையார் அக்கதையை இதழ்களிலிருந்து பிரித்தெடுத்து நூலாகத் தைத்து வைத்திருந்தார். அத்தொகுப்பு இன்னும் எங்கள் இல்லத்தில் இருக்கின்றது. அதன் நடுவே ஓரிடத்தில் பக்க ஓரமாக ஒரு பென்சிற்கோடு காணப்படும். அதற்கு மேல் தந்தை எழுதியது, கீழே மகள் எழுதியது என்று அவர் கருதி இட்ட கோடு அஃது என்பர். அவ்விடத்தோடு படிப்பதை நிறுத்திவிட வேண்டுமெனக் கணவர் கூறினாராம். அதற்கு அவர், தகப்பன் பட்ட கடனை மக்கள் தீர்ப்பது நம் ஊரிற் புதிதன்று. தீர்ப்பவரைக் குறைசொல்லுதல் முறையுமன்று எனக் கூறி, இறுதிவரை படித்தாராம். இளமையில் அக்கோட்டைக் கண்டு நகைத்த யான், இப்பொழுது அதனை மதிக்கக் கற்றுக்கொண்டேன். கோடு இட்டவர் இருவர் கையையும் வேறுபடுத்தி அறிந்தார். அறிந்த பின்பும் இரண்டையும் ஏற்றார்.

வடமொழியில் இதற்கு ஒப்பான செய்தி ஒன்று உண்டு. பாணபட்டர் காதம்பரியை முடிக்காமலே இறந்தார். அவர் மகனார் எஞ்சிய பகுதியை எழுதி நிறைவு செய்தார். அண்மைக் காலத்தில் அமெரிக்க நாட்டிலும் இத்தகைய நிகழ்ச்சி நேர்ந்தது. காலச் சக்கரம் என்னும் மாபெரும் மாயக்கதைத் தொகுதியை எழுதிவந்த இராபர்ட் ஜோர்டன் 2007-இல் மறைந்தார். தாம் பிழைக்கமாட்டோம் என்று உணர்ந்து, கதையின் போக்கையும் முடிவையும் அவர் குறித்து வைத்திருந்தார். அவர் மனைவியாரே அந்நூல்களின் பதிப்பாசிரியர். அவ்வம்மையார் பிராண்டன் சாண்டர்சன் என்னும் இளம் எழுத்தாளரைத் தேர்ந்தெடுத்தார். ஒரு நூலாக முடிய வேண்டியது மூன்று நூல்களாக விரிந்து, 2009 முதல் 2013 வரை வெளிவந்தது. அவற்றின் அட்டையில் இருவர் பெயரும் இருந்தன.

இவை யாவும் முடியாத கதையை முடித்தல் என்னும் வகையைச் சேர்ந்தவை. முடிந்த கதையைத் தொடர்தல் என்பது வேறொரு வகை. நம் தமிழில் அதற்கும் முன்மாதிரி உண்டு. வில்லிபுத்தூரார் பாரதத்தைச் சுருங்கப் பாட, பின்னாளில் நல்லாப்பிள்ளை அதனை மேலும் பல பாடல்களால் விரித்தார். அவ்வழியிலே, அமுதசுரபி ஆசிரியராக நெடுங்காலம் விளங்கிய விக்கிரமன் அவர்கள், பொன்னியின் செல்வன் முடிந்த இடத்திலிருந்து தொடங்கி நந்திபுரத்து நாயகி என்னும் நவீனத்தை இயற்றினார். நந்திபுரம் என்பது சோழரின் பழையாறை நகருக்கு வழங்கிய பழம்பெயர். உத்தம சோழர் அரியணை ஏறியது முதல் 985-ஆம் ஆண்டில் இராஜராஜர் முடிசூடும் வரை ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இடையே கிடந்தன. கல்கி திறந்து வைத்த கதவின் வழியே அவ்விடைவெளிக்குள் புகுந்தவர் விக்கிரமன். அவர் கல்கியின் பெயரை வாங்கிக்கொள்ளவில்லை. தம் பெயரையே இட்டுக்கொண்டார். அவருக்குப் பின்னரும் சிலர் அக்கதையைத் தம் போக்கிலே தொடர்ந்திருக்கின்றனர்.

அத்தகைய முயற்சிகளைப் பழிப்பாரும் உளர். மூல ஆசிரியரின் மாந்தரைப் பிறர் எடுத்து ஆளுதல் அவரை அவமதிப்பதாகும் என்பது அவர் கூற்று. அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. நந்தினியின் உள்ளத்தைக் கல்கி இருளிலே விட்டது கவனக் குறைவினால் அன்று. அவ்விருளே அப்பாத்திரத்தின் அழகு. கொலைசெய்தவர் இன்னார் என்று அவர் துணிந்து கூறாததும் அத்தகையதே. உடையார்குடிக் கல்வெட்டு இரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் எனக் குறிப்பினும், கதையில் ஐயத்தை ஐயமாகவே நிறுத்தினார். பின்வருவோர் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்தே தீர்வோம் எனப் புகுவாராயின், அவர் கல்கிக்கு உதவுபவர் ஆகார். கதையின் சுவையைக் கெடுப்பவரே ஆவர்.

எனினும், தொடர்வதே தவறென்று கூறுதற்கு நாம் ஒருப்படோம். கல்கியே சுந்தர சோழரையும் குந்தவையையும் படைத்தவர் அல்லர். கல்லிலும் செம்பிலும் கிடந்த பெயர்களுக்கு உயிரூட்டியவர். முன்னோர் விட்டுச்சென்றதை எடுத்து வளர்த்தவருக்குப் பின், வேறொருவர் வளர்க்கலாகாது என்று தடைசெய்ய யாருக்கு உரிமை உண்டு? கடனைத் தீர்ப்பவர் கணக்கை உள்ளபடி வைத்துத் தீர்த்தல் வேண்டும். அடுத்த வயலில் விதைப்பவர் தம் வரப்பைத் தெளிவாக இட்டு விதைத்தல் வேண்டும். ஆனந்தி அம்மையார் செய்தது முன்னது. விக்கிரமன் செய்தது பின்னது. இரண்டும் நேர்மையான செயல்களே.

இதனை இன்று ஆராய்வதற்குக் காரணம் உண்டு. கல்கியின் நூற்றாண்டையொட்டி அவர் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அவற்றை எவரும் பதிப்பிக்கலாம். 2022-இலும் 2023-இலும் மணிரத்னம் அவர்கள் பொன்னியின் செல்வனைத் திரைப்படமாக்கிய பிறகு, அக்கதையை அறியாத இளைஞரும் அதனை நாடிப் படிக்கின்றனர். அதன் தொடர்ச்சியை எழுத விரும்பும் மாணவர் நம் வகுப்பிலேயே உளர். பதிப்புரிமை என்னும் வேலி நீங்கிய பின்பு, அந்நிலத்தைக் காக்க எஞ்சியிருப்பது எழுதுவோரின் மனச்சான்று ஒன்றே.

ஆதலின், அவ்வாசையுடைய நண்பர்கள் முதலிற் கல்கியின் வாழ்க்கையைக் கற்பார்களாக. சோழர் அரண்மனையை வருணித்த அக்கை, அதற்கு முன் புதுப்பாளையத்துச் சிற்றூர் மக்களுக்காகக் கள்ளின் தீமையை எளிய சொற்களில் எழுதிப் பழகிய கை. படிப்பவர்பால் அவருக்கு இருந்த அவ்வன்பே அவரது உண்மையான உடைமை. வந்தியத்தேவனின் குதிரையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். அவ்வன்பையும் உடன் எடுத்துக்கொள்பவரே கல்கியின் கதையைத் தொடர்பவர் ஆவர்.