அடிபம்பில் கிடைத்த சொல்

தாம்பரம், சேலையூர் பக்கம் தெருமுனையில் அடிபம்பு பார்த்திருப்பீர்களே, குட்டீஸ்! அப்படி ஒரு பம்படியில்தான் ஹெலன் கெல்லர் 'தண்ணீர்' என்ற சொல்லைப் புரிந்துகொண்டார்.

அமெரிக்காவில் 1880-ல் பிறந்தவர். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சல். உயிர் பிழைத்தார், பார்வையும் கேட்கும் திறனும் போயின. பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்கின்றனர் இன்றைய மருத்துவர்கள் சிலர். அது உட்காதையும் கெடுத்துவிடும், பொல்லாதது!

1887-ல் ஆசிரியை ஆன் சல்லிவன் வந்தார். ஹெலனின் ஒரு கையில் தண்ணீர் கொட்ட, மறு கையில் விரல் எழுத்தால் அதன் பெயரை உணர்த்தினார். அப்புறம் என்ன? 1904-ல் ஹெலன் பட்டதாரி! 1955-ல் இந்தியாவுக்கும் வந்தார். 1968-ல் மறைந்தார்.

ஹெலன் குழந்தையாக இருந்தபோது இதற்குத் தடுப்பூசி கிடையாது. மூளைக்காய்ச்சல் தரும் 'ஹிப்' கிருமியையும் தடுக்கும் ஐந்து நோய்த் தடுப்பூசியை, 2011 டிசம்பரில் அரசுத் திட்டத்தில் நாட்டிலேயே முதலில் சேர்த்தவை தமிழகமும் கேரளாவும்தான். 6, 10, 14-வது வாரங்களில் போடுவார்கள். வீட்டில் குட்டிப் பாப்பா இருந்தால், தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்களேன்!