கணக்கு எழுதி வைத்த முல்லர்

அந்தக் காலத்தில் கிராணியாரின் செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. ஆண்டவனிடம் வாங்கியதற்கே அப்படியொரு புத்தகம் வைத்திருந்தவர் ஜார்ஜ் முல்லர்.

1805ல் பிரஷ்யாவில் பிறந்தவர். இளவயதில் யோக்கியர் இல்லை. அப்பா பணத்தையே திருடினார். ஓட்டலில் தங்கிவிட்டுக் காசு கொடுக்காமல் 16 வயதில் ஜெயிலுக்கும் போனார். 20 வயதில் ஒரு ஜெபக்கூட்டம் அவரை மாற்றியது. பிறகு இங்கிலாந்து போய், 1832 முதல் பிரிஸ்டல் நகரில் போதகராக இருந்தார்.

1836ல் அங்கே வாடகை வீட்டில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் திறந்தார். மனிதரிடம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பது அவர் வைராக்கியம். வந்த தட்டு, கத்தி, முள்கரண்டி, அரைப்பென்னி வரை தேதி போட்டு எழுதினார். இதில் ஒரு வேடிக்கை. வீடு, பணம், ஆள் எல்லாவற்றுக்கும் ஜெபித்தவர், பிள்ளைகள் வரவேண்டும் என்று ஜெபிக்க மறந்துவிட்டார்! பேர் பதியும் நாளில் ஒரு பிள்ளைகூட வரவில்லை. அன்றிரவு அதற்கும் முழங்கால் போட்டார். மறுநாளே முதல் மனு வந்தது.

1838ல் பெட்டி காலியானது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அடுத்த வேளை உத்தரவாதமில்லாத நாட்கள். நமக்கென்றால், இதுவரை கொடுத்ததெல்லாம் மறந்துபோய்ப் புலம்பத்தான் தோணும். முல்லரோ முன்பு கிடைத்த உதவிகளை ஒவ்வொன்றாக நினைத்து, அன்று செய்தவர் இன்றும் செய்வார் என்று வேலையாட்களோடு ஜெபித்தார். பிள்ளைகள் பட்டினி கிடக்கவில்லை.

1857 நவம்பரில் வேறொரு சோதனை. 300 பிள்ளைகள் இருந்த கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் ஒழுகியது. பழுது பார்க்க நெருப்பை அணைக்கணும். வெளியிலோ எலும்பை உறைய வைக்கும் வடகாற்று. சின்னஞ்சிறுசுகள் என்ன ஆகும்? தெற்குக் காற்று வீச வேண்டும், வேலைக்காரர்களுக்கு மனம் வர வேண்டும் என்று இரண்டைக் கேட்டார். அணைக்கும் நாளில் காற்று திரும்பியது. மாலையில் முதலாளி, ஆட்கள் நாளைக்குச் சீக்கிரம் வருவார்கள் என்றார். ஆட்களோ ராத்திரி முழுக்கச் செய்கிறோம் என்று நின்றார்கள். (வேலை செய்கிறவன் மனசும் ஜெபத்துக்குள் வந்தது பாருங்கள்!) அதுவும் புத்தகத்தில் ஏறியது.

1870க்குள் ஐந்து பெரிய கட்டடங்கள். 2,000க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இடம். 1898ல் 92 வயதில் இறந்தபோது, லட்சக்கணக்கான பவுன் கைமாறிய அந்த மனுஷருக்குச் சொந்தமாக மிஞ்சியது 200 பவுன்கூட இல்லை.