கார்த்தேஜில் ஒரு நோயாளி

வின்ஸ்டன் சர்ச்சிலை நம் நாட்டார் அன்போடு நினைப்பதில்லை. நினைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. 1943-இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தால் மடிந்தபோது அவருடைய அரசு காட்டிய பாராமுகத்தை வரலாறு மறக்கவில்லை. எனினும், என் தந்தையார் நிமோனியாவிலிருந்து எழுந்து, காய்ச்சல் விட்ட பின்னும் நெஞ்சு படபடக்க, நான்கு படி ஏறினால் மூச்சு வாங்க நின்ற நாள்களில் நான் விரும்பித் தேடிப் படித்தது அவருடைய வாழ்க்கையைத்தான்.

1874-ஆம் ஆண்டு நவம்பர் 30-இல் பிறந்த அவருக்கு நிமோனியா புதியதன்று. 1886-இல், பதினோரு வயதுப் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே அது அவரைச் சாவின் விளிம்புவரை கொண்டு சென்றது. இளமையில் குதிரைப்படை அதிகாரியாக நம் பெங்களூரில் இருந்தார். பின்னர் அரசியல், அமைச்சர் பதவிகள், 1940-இல் பிரதமர் பொறுப்பு. 1943 பிப்ரவரியில் மீண்டும் நிமோனியா வந்து போயிற்று.

அதே ஆண்டு இறுதியில் டெஹ்ரானில் ரூஸ்வெல்ட், ஸ்டாலின் ஆகியோரோடு மாநாடு. அது முடிந்து, களைத்துப்போன அந்த 69 வயது மனிதர் டிசம்பர் 11-இல் டுனீசியா சென்றார். விமானம் தவறான தளத்தில் இறங்கிவிட்டது. காலைக் குளிர்காற்றில் தம் பெட்டியின்மேல் அமர்ந்து காத்திருந்தார். கார்த்தேஜில் ஐசன்ஹோவர் தங்கியிருந்த மாளிகையை அடைந்ததும் படுத்தவர்தாம்; மறுநாள் காய்ச்சல் கண்டது. எக்ஸ்-ரே கருவியை வரவழைத்துப் பார்த்ததில் இடது நுரையீரலின் அடிப்பகுதியில் நிழல் தெரிந்தது.

சல்பா மருந்து கொடுக்கப்பட்டது. ஆனால் டிசம்பர் 14-இல் இதயம் தாளம் தப்பியது. நுரையீரல் அழன்று, குருதியில் பிராணவாயு குறையும்போது, இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கத் தொடங்குவதுண்டு. அப்போது நாடி விரைந்தும் ஒழுங்கற்றும் ஓடும், மூச்சு முட்டும். முதுமையில் இது வருவதற்கு வாய்ப்பு மிகுதி. துடிப்பின் விரைவைத் தணிக்க டிஜிட்டாலிஸ் அளித்தனர். அவருடைய மருத்துவர் மோரன் பிரபு. துணைக்கு வந்த இதய வல்லுநர் பெட்ஃபோர்டு. இருவர் பெயரின் முதலெழுத்துகளும் சல்பா மருந்து செய்த மே அண்ட் பேக்கர் கம்பெனியின் முதலெழுத்துகளாகவே அமைந்ததை வைத்து நோயாளி வேடிக்கை செய்துகொண்டிருந்தாராம்! மகள் சாரா ஜேன் ஆஸ்டினின் நாவலைப் படித்துக் காட்ட, மனைவி கிளெமன்டைன் இலண்டனிலிருந்து பறந்து வந்தார்.

காய்ச்சல் தணிந்தது. கிறிஸ்துமஸ் அன்றே தளபதிகளைக் கூட்டி அன்சியோப் படையிறக்கம் பற்றி ஆலோசித்தார். இதைத்தான் நூல்கள் பெரிதாகச் சொல்கின்றன. எனக்கோ அதற்குப் பின் வந்த நாள்களே பெரிதாகப் பட்டன. டிசம்பர் 27-இல் மராக்கெஷுக்குச் சென்றவர், நாளில் பதினெட்டு மணி நேரம் படுத்தே கிடந்தார். அட்லஸ் மலையடிவாரத்தில் உணவருந்தப் போனால், காரிலிருந்து எண்பது, நூறு கஜம் தள்ளாடி நடப்பதே அவரால் முடிந்த எல்லை. ஓவியம் தீட்டுவதில் பேரார்வம் கொண்ட அவருக்கு அங்கே தூரிகையைத் தொடவும் வலுவில்லை. நாடுகளின் தலைவிதியைத் தீர்மானித்த மனிதர், சொந்தக் கால்களுக்குக் கட்டளையிட முடியாமல் மூன்று வாரம் கிடந்தார். 1944 ஜனவரி 18-இல் இலண்டன் திரும்பி அன்றே நாடாளுமன்றத்தில் நுழைந்தார். அவர் மறைந்தது 1965 ஜனவரி 24-இல், தொண்ணூறாம் வயதில்.

காய்ச்சல்தான் போய்விட்டதே, இன்னும் ஏன் இந்த இளைப்பு என்று தம்மையே கடிந்துகொண்டிருந்த தந்தையாரிடம் இவற்றை ஒரு மாலை சொன்னேன். போரையும் மாநாட்டையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எண்பது கஜம் என்றால் நம் தெருவில் எதுவரை என்று மட்டும் கேட்டார். பிள்ளையார் கோயில்வரை இருக்கும் என்றேன். சிறிது நடக்கலாம் என்று மருத்துவரும் சொல்லியிருந்தார். மறுநாள் காலை இருவரும் அதுவரை நடந்து, கோயில் திண்ணையில் நெடுநேரம் அமர்ந்திருந்து திரும்பினோம்.