அக்டோபர் இரண்டும் பெருந்தலைவரும்

அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் நம் நாட்டின் தேசிய விடுமுறை நாள்களுள் ஒன்று. அண்ணல் காந்தியடிகள் 1869இல் போர்பந்தரில் பிறந்த நாள் அது. லால் பகதூர் சாஸ்திரி 1904இல் பிறந்ததும் அந்நாளில்தான். தமிழ் மக்களுக்கோ அந்நாள் வேறொரு நினைவையும் சுமந்து நிற்கிறது. பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சர் பதவியைத் துறந்தது 1963 அக்டோபர் 2. உயிர் துறந்தது 1975 அக்டோபர் 2.

இந்நாளின் பொருள் யாது என்னும் வினாவை எம்முள் எழுப்பியது நூலன்று, ஓர் ஊர். சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்ட முகாமிற்காகப் போளூர் சென்றிருந்தோம். கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எனப் பழனி மலையின் உச்சிகளைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் பாதையில் உள்ள சிற்றூர் அது. உருளைக்கிழங்கும் பூண்டும் காரட்டும் படிப்படியாய் விளையும் தோட்டங்கள். நண்பகலிலும் இறங்கி வந்து கூரைகளைத் தொடும் மூடுபனி. முகாமின் இடையே காந்தி பிறந்தநாள் வந்தது. கொடியேற்றிவிட்டு நின்றிருந்த எம்மிடம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். தாம் பள்ளி வாசலை மிதியாதவர் என்பதை முதலில் கூறினார். பிறகு, பெரிய மனிதர் பிறந்தநாளில் பள்ளிக்கூடத்தை ஏன் பூட்டி வைக்கிறார்கள் என வினவினார். பூட்டினால் பேத்திக்கு அன்று தோட்ட வேலைதான், பகல் உணவும் இல்லை என்றார். குறையாக அவர் அதைக் கூறவில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். எமக்கு மறுமொழி கிட்டவில்லை. அவ்விரவு முழுதும் எம் நெஞ்சில் நின்றவர் காமராசரே.

விருதுநகரில் 1903 சூலை 15 அன்று குமாரசாமி, சிவகாமி அம்மையாருக்கு மகனாகப் பிறந்தவர் அவர். தந்தையை ஆறாம் வயதில் இழந்தார். அவர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை பிடியரிசியால் வளர்ந்த பள்ளி. வீடுதோறும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதைத் திரட்டி விற்று ஆசிரியர்க்கு ஊதியம் தந்தனர். நம் மகல்லாக்களிலும் மதரசாவிற்கெனப் பிடியரிசி எடுத்துவைக்கும் வழக்கம் இருந்தமையை முதியோர் அறிவர். எம் அன்னையார் அதற்கெனத் தனிப்பானை வைத்திருந்தார். ஆயின் அரிசியால் வளர்ந்த அப்பள்ளியிலும் காமராசர் நெடுநாள் பயில இயலவில்லை. பன்னிரண்டு வயதளவில் படிப்பை விட்டு, மாமனின் துணிக்கடையில் அமர்ந்தார்.

விடுதலைப் போர் அவரைக் கடையிலிருந்து ஈர்த்துக்கொண்டது. 1930இல் வேதாரணியம் உப்பு அறப்போரில் ஈடுபட்டுச் சிறை புகுந்தது முதல், எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக வெவ்வேறு சிறைகளில் கழித்தார். சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானபின் ஒருமுறை அவ்விருக்கையில் அமர்ந்தார். முழுமையாகச் செய்ய இயலாத பணி தமக்கு வேண்டாவென அன்றே விலகினார். பதவியை எய்துவதினும் விடுவது அவர்க்கு எளிதாயிருந்தது என்பதற்கு அஃது ஒரு முன்னறிகுறி.

1954 ஏப்ரலில் முதலமைச்சரானார். அதற்கு முந்தைய ஆண்டில் நடைமுறைக்கு வந்திருந்த தொடக்கக் கல்வித் திட்டம் அரைநாள் பள்ளியும், எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைப் பழகுதலும் என்றது. குலக்கல்வி எனப் பெயர்பெற்ற அதனைக் காமராசர் ஆட்சி அவ்வாண்டிலேயே கைவிட்டது. போளூர்ப் பெரியவரின் பேத்தியை எண்ணும்போது இம்முடிவின் அருமை விளங்குகிறது. தோட்டத்திற்கும் பள்ளிக்கும் இடையே குழந்தையைப் பங்கிட ஓர் அரசு ஒப்பியது; மற்றோர் அரசு ஒப்பவில்லை.

பள்ளியைத் திறந்தால் மட்டும் போதாது, பசித்த பிள்ளை வாராது என்பதைப் படிப்பை இழந்தவர் நன்கறிந்திருந்தார். 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. முதற்கண் ஊர்மக்களின் நன்கொடையே அதனைத் தாங்கியது. கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு உடனிருந்து வழிநடத்தினார். விருதுநகர்ப் பிடியரிசி ஊர்தோறும் பெருகியது என்றே யாம் கொள்கிறோம். பின்னர் 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. இவ்வாறு வளர்ந்த திட்டத்தின் வேர் எங்குள்ளது என்பதை மாணவர் மறத்தலாகாது. அணைகளையும் தொழிற்பேட்டைகளையும் பிறர் விரிவாக எழுதியுள்ளனர், ஈண்டு விடுகிறோம்.

ஒன்பதாண்டுகள் ஆண்டபின், கட்சிப் பணிக்கு மூத்தோர் திரும்ப வேண்டும் என்னும் திட்டத்தை அவரே முன்மொழிந்தார். நடுவண் அமைச்சர் அறுவரும் முதலமைச்சர் அறுவரும் விலகினர். அவ்வறுவருள் தாமும் ஒருவராகக் காந்தியடிகள் பிறந்தநாளில் பதவியை விட்டார். வலிமை குன்றாத நிலையில் நாற்காலியை விட்டெழுந்த முதல்வர் நம் வரலாற்றில் அரியர். 1964இல் நேரு மறைந்தபின் சாஸ்திரியையும், 1966இல் அவர் மறைந்தபின் இந்திரா காந்தியையும் தலைமையமைச்சராக்குவதில் அகில இந்தியத் தலைவராக முன்நின்றார். தமக்கென அவ்விருக்கையை நாடவில்லை. எனினும் அவர்தம் கணிப்புகள் யாவும் பலித்தன அல்ல. 1967இல் சொந்த ஊரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். 1969இல் கட்சி பிளந்தபோது, தாம் அரியணையேற்ற துணைநின்றவர்க்கு எதிர்ப்பக்கம் நின்றார். 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது மனம் நொந்தார்.

அவ்வாண்டு காந்தி பிறந்தநாளன்று சென்னைத் திருமலைப்பிள்ளை சாலை வாடகை வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. மணம் செய்துகொள்ளாத அவர்க்குச் சொந்த வீடும் இல்லை. கிண்டியில் காந்தி மண்டபத்தை அடுத்து அவர் நினைவிடம் அமைந்தது. 1976இல் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

அவருக்குரிய நாள்கள் இப்போது இரண்டு. பிறந்த சூலை 15ஐத் தமிழ்நாட்டரசு 2006 முதல் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறது. அன்று பள்ளிகள் திறந்திருக்கும், பிள்ளைகள் விழாக் காண்பர். மறைந்த அக்டோபர் 2 அன்றோ பள்ளிகள் மூடியிருக்கும். இரண்டனுள் எந்நாள் அவர்க்கு உகந்தது எனக் கேட்டால், போளூர்ப் பெரியவரின் பக்கமே யாம் நிற்போம். காந்தியடிகளும் ஓய்வை விரும்பியவரல்லரே.

மறுமொழி கூற இயலாத அந்நாளில், பிற்பகல் எம் மாணவர் சிலர் ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளித் தாழ்வாரத்தில் கூட்டினர். பனி மூடிய அத்திண்ணையில் இருபது பிள்ளைகள் வரை அமர்ந்தனர். வாய்பாடும் கதையும் நடந்தன. முகாம் அடுப்பில் எமக்கென வடித்த சோற்றில் ஒரு பகுதி அவர்களுக்குச் சென்றது. பெரியவரின் பேத்தி கையில் மண்ணோடு தோட்டத்திலிருந்து ஓடிவந்து, வரிசையின் கடைசியில் அமர்ந்தாள்.