தொரப்பள்ளி தந்த முதல்வரும் மூன்று மணி நேரப் பள்ளியும்

ஓசூரின் ஆலைகளைக் கடந்து தொரப்பள்ளிக்குச் செல்லும்போதெல்லாம் ராஜாஜியின் வாழ்வில் ஓராண்டு மட்டும் என்னை உறுத்துகிறது. இவ்வட்டாரத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியனாக இருந்தவன் நான்.

1878இல் அவ்வூர்க் கிராம முன்சீப்பின் மகனாகப் பிறந்து, ஓசூரிலும் பெங்களூருவிலும் சென்னையிலும் கற்றார். சேலத்து வழக்கறிஞர் வாழ்வும், சிறைவாசமும், 1948இல் தலைமை ஆளுநர் ஆனதும் யாவரும் அறிந்தவை.

1952இல் மீண்டும் முதல்வரானவர், மறு ஆண்டே கிராமத் தொடக்கப் பள்ளிகளில் மூன்று மணி நேரமே படிப்பு, மீதிப் பொழுதில் பெற்றோரின் தொழில் என்று ஆணையிட்டார். பள்ளிகள் குறைவு, கருவூலத்திலும் பணமில்லை. இருக்கும் ஆசிரியரைக் கொண்டே இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கு என்ற அளவில் அது பிழையன்று. ஆனால் சட்டமன்றத்தையே முன்கூட்டிக் கலக்காதவர் வகுப்பறையைக் கலந்திருப்பாரா? குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. அது நியாயமான எதிர்ப்பு. அதிகம் பேசப்படாதவர் ஆசிரியர். காலையில் ஒரு கூட்டம், பிற்பகலில் மற்றொரு கூட்டம் என்னும் சுமையைக்கூட அவர் தாங்கியிருப்பார். இப்பிள்ளையை என்னால் உயர்த்த முடியும் என்ற நம்பிக்கைதான் அவருக்கு ஊதியத்தினும் பெரிது. அப்பிள்ளையை அரைநாளில் தந்தையின் தொழிலுக்கே திருப்பியனுப்பு என்றது ஆணை.

1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். மே மாதம் காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. 1972இல் அவர் மறைந்தார்.

என் வகுப்பில் வீட்டில் தெலுங்கும் தெருவில் கன்னடமும் பேசிய பிள்ளைகளே மிகுதி. அவர்களைத் தமிழில் ஒரு பத்தி வாசிக்கவைக்க எனக்கு முழுநாளும் போதவில்லை.